மண் மூடிய குழாய்

பாப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, சுவரில் இருந்த வேகமானியின் முள் மெல்ல எழுந்து, ஒரு நெல் அகலம் நகர்ந்து, மறுபடி பூஜ்ஜியத்தில் போய்ப் படுத்ததை ரவிசந்திரன் பார்த்தான்.

கையில் இருந்த துணி பாதி மடிப்பில் நின்றுவிட்டது. மழைக்காலத்துச் சாயங்காலம். கசார்வாடி ரயில் பாதையைப் பார்த்தபடி இருந்த அந்த நாலாவது மாடி வீட்டின் கூடத்தில், காயாத துணியின் புழுங்கல் வாடையும், சாம்பிராணிப் புகையும், தாய்ப்பாலின் இளம் புளிப்பும் ஒன்றாகக் கலந்து அசையாமல் நின்றன. கீழே லோனாவாலா லோக்கல் கடந்துபோனது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கின. ரயிலின் அதிர்வுதான் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் ரயில் வருவதற்கு முன்பே முள் அசைந்திருந்தது.

அந்த முள் அசைய வழியே இல்லை. அது அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

நெடுஞ்சாலைக்குப் பின்னால் இருந்த சந்தில், பயிற்சி விமானங்களின் கருவிகளைப் பழுதுபார்க்கும் சின்னப் பட்டறையில் அவனுக்கு வேலை. விமானத்தின் உயரத்தையும் வேகத்தையும் சொல்லும் அந்தக் கருவிகளுக்குக் கண் கிடையாது. காற்றின் அழுத்தம் ஒன்றுதான் தெரியும். மேலே போகப் போகக் காற்று இலேசாகும். உயரம் காட்டும் கருவிக்குள் இருக்கும் மூடிய தகட்டு டப்பி அப்போது உப்பும், முள் ஏறும். வேகத்துக்கு இறக்கையின் அடியில் ஒரு குழாய் இருக்கும். விரல் பருமன்தான். எதிர்காற்று அதன் வாயில் முட்டி உள்ளே போய், மெல்லிய தகட்டுப் பை ஒன்றை உப்ப வைக்கும். சும்மா நிற்கிற காற்றைவிட முட்டுகிற காற்று எவ்வளவு அதிகம் அழுத்துகிறதோ, அதுதான் வேகம். அந்தக் குழாயின் வாய் அடைத்துப்போனால் முள் பொய் சொல்லும். பொய்யை நம்பி ஓட்டுகிறவர் கீழே வந்துவிடுவார். அதனால்தான் தரையில் நிற்கும் விமானத்தின் குழாய்க்குச் சிவப்பு உறை மாட்டி வைக்கிறார்கள். குளவிக்கு அந்த அளவுத் துளை என்றால் கொள்ளை ஆசை.

தேய்ந்துபோய்க் கழித்துக்கட்டிய வேகமானி ஒன்றையும் பழைய குழாய் ஒன்றையும் பட்டறையில் கேட்டு வாங்கி வந்து, சாண் நீள ரப்பர் டியூபால் இரண்டையும் இணைத்து, கூடத்து ஜன்னல் ஓரமாக மரப்பலகையில் மாட்டி வைத்திருந்தான் அவன். வருகிறவர்கள் பார்த்துவிட்டுக் குழாயில் ஊதப் போவார்கள். ஓடிப்போய்த் தடுப்பான். "வாயால ஊதக் கூடாதுங்க. நம்ம மூச்சு ஒண்ணு போதும், உள்ள இருக்கிற தகடு கிழிஞ்சிரும்." பட்டறையில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம் அது.

அந்தக் குழாயில்தான் குளவி வந்து கூடு கட்டியது. அவன் மனைவி மீனுவுக்கு எட்டாம் மாதம் அப்போது. இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போன பிறகு தரித்த கரு. வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசக்கூடப் பயந்த நாட்கள். மாயவரத்திலிருந்து உதவிக்கு வந்திருந்த மீனுவின் அக்கா விசாலம், குழாய் அருகே அவன் கை போனதைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"தம்பி, கைய எடுங்க! புள்ளத்தாச்சி இருக்கற வீட்ல குளவி கூடு கட்டுனா எவ்ளோ நல்லது தெரியுமா? அதப் போயி இடிப்பாங்களா யாராச்சும்?"

"கட்டட்டும்க்கா. வீட்ல வேற எடமே இல்லியா? குழாய் வாய்லயா கட்டணும்? எங்க பட்டறைல இதப் பாத்தாங்கன்னா என்னயத் தொரத்திருவாங்க."

"ஏன், இது எந்திரிச்சுப் பறக்கப் போவுதாக்கும்? செவுத்துல தொங்கற ஏரோப்ளேனு."

மீனு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவரு இடிக்க மாட்டாருக்கா. எறும்பு போனா நின்னு வழி விடற ஆளு."

உண்மைதான். ஒரு சின்ன உயிருக்கு இடம் விட்டுக் கெட்டுப்போனவர் யாரும் இல்லை என்பது ரவிசந்திரனின் நம்பிக்கை. காக்கைக்குச் சோறு, மழையில் நனைந்த நாய்க்கு மாடிப்படி அடியில் ஒரு சாக்கு, இப்போது குளவிக்கு ஒரு குழாய். செய்கிற சின்ன நல்லதெல்லாம் முருகனிடம் போய்ச் சேர்ந்து, திரும்பி மீனுவின் வயிற்றுக்கு வரும் என்று அவன் மனதார நம்பினான். குளவி ஜன்னல் வழியாக வரும்போதெல்லாம் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்துவான்.

ஒன்று மட்டும் அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது. மண்ணால் மூடுவதற்கு முன் குளவி பச்சைப் புழுக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து குழாய்க்குள் வைத்தது. அவை செத்தவை அல்ல. குளவி கொட்டி மரத்துப்போனவை. உள்ளே பிறக்கப்போகும் குஞ்சு தின்பதற்காக, அசைய முடியாமல், உயிரோடு கிடக்கும். கடைசிப் புழுவை உள்ளே தள்ளும்போது அதன் உடம்பு விம்மித் தணிந்ததை அவன் அருகில் நின்று பார்த்தான். மூச்சு. அதற்கும் மூச்சு இருந்தது. யாருக்கு இரக்கம் காட்டுவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டான். மறுநாள் குழாயின் வாய் பூராவும் செம்மண்.

பாப்பா நல்லபடியாகப் பிறந்தாள். பூவைப்போல எடை, ஆனால் குறை ஒன்றும் இல்லை. விசாலம் அக்கா திருஷ்டி சுற்றிப்போட்டு, மூன்று டப்பா நிறையப் பொடி இடித்து வைத்துவிட்டு ஊருக்கு ரயிலேறினாள்.

இப்போது, மண்ணால் இறுக மூடிய குழாயின் மறுமுனையில் முள் அசைகிறது.

"மீனு," என்று கூப்பிட்டான். "இங்க வந்து பாரேன்."

கரண்டியோடு வந்தாள். முள் இன்னொரு முறை எழுந்து படுத்தது.

"மழை வரப் போவுதுல்ல," என்று தனக்கே சொல்வதுபோல் சொன்னான். "வெளியில காத்தழுத்தம் கொறையும். குழாக்குள்ள மாட்டிக்கிட்ட காத்து பழைய அழுத்தத்துலயே இருக்கும். அதான் முள்ளத் தள்ளுது. ப்ளேன் மேல ஏறறப்ப அடைச்ச குழா இப்படித்தான் ஏமாத்தும். வீடே மேல ஏறுதுன்னு நெனச்சுக்குது பாரு."

"மெதுவாச் சொல்லுங்க. வீட்டுக்காரரு காதுல விழுந்தா வாடகைய ஏத்திருவாரு." சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

விளக்கம் சரியானதுதான். ஆனால் மழைக்கு எழும் முள் மெதுவாக ஏறும், ஏறிய இடத்தில் நிற்கும். இது ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.

மறுநாள் பட்டறையில் ஜோஷுவாவிடம் சொன்னான். ஜோஷுவா திருநெல்வேலிக்காரன், பக்கத்து மேசை. பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தான்.

"புள்ள பொறந்த வீட்ல ஒனக்கு ஒறக்கம் உண்டா வே? முள்ளு என்ன, செவுரே ஆடுமே."

"வெளயாட்டு இல்ல ஜோஷுவா. நல்லாப் பாத்தேன்."

"அப்ப ரப்பர் டியூப இறுக்கிப் பிடிச்சுப் பாரு. முள்ளு நின்னுச்சுன்னா வில்லங்கம் குழாப் பக்கம். நிக்கலன்னா டப்பா பக்கம். இதயும் நானா ஒனக்குச் சொல்லணும்?"

அவர்கள் தினமும் செய்கிற சோதனைதான். டியூபை விரலால் மடக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு முள்ளைப் பார்ப்பார்கள். கசிவைத் தேடும் வழி அது.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியபோது மழை பிடித்திருந்தது. மீனு உள்ளறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கூடத்தின் நடுவில், உத்தரத்துக் கொக்கியில் கட்டிய அவளுடைய பழைய சேலைத் தூளிக்குள் பாப்பா தூங்கினாள். ரவிசந்திரன் விளக்கைப் போடவில்லை. ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ பாலத்தின் வெளிச்சம் மழையில் கரைந்து, மஞ்சளாக, அழுக்காக உள்ளே வந்து விழுந்தது. முள் எழுந்தது. இறங்கியது. எழுந்தது. நாற்பது என்ற எண்ணுக்குக் கொஞ்சம் கீழே வரை போய், தயங்கி, திரும்பியது. எங்கேயோ பார்த்த தாளம். தூளித் துணியில் கை வைத்தான். துணிக்கு அடியில், ஓர் இமைப்பு பின்தங்கி, சின்ன முதுகு எழுந்தது, இறங்கியது.

ஒரே தாளம்.

முதலில் அவனுக்கு வந்தது பயம் அல்ல. கண்ணில் நீர்தான் வந்தது. நல்ல சகுனம் என்று விசாலம் அக்கா சொன்னது இதைத்தானோ? இரண்டு முறை வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வீட்டில், தன் குழந்தை மூச்சு விடுவதைச் சுவரே சொல்லிக்கொண்டிருக்கிறதே! ஒரு கை தூளியில் இருக்க, பழக்க தோஷத்தில், வேறொன்றும் நினைக்காமல், இன்னொரு கையை நீட்டி ரப்பர் டியூபை மடக்கிப் பிடித்தான்.

முள் நின்றது.

குழாய்ப் பக்கம்தான், என்று மனதில் ஓடியது. மண்ணுக்கும் தன் விரலுக்கும் நடுவில் இருக்கிற ஏதோ ஒன்று. அந்த எண்ணம் முடிவதற்குள், தூளியில் இருந்த கைக்கு அடியில் ஒன்றும் அசையவில்லை என்பது அவனுக்கு உறைத்தது.

மழைச் சத்தம். அடுப்படிக் குழாயின் சொட்டு. தூளிக் கயிறு கொக்கியில் உரசும் சின்ன முனகல். இவ்வளவும் கேட்டது. பாப்பாவின் மூச்சு மட்டும் கேட்கவில்லை.

விரலை விட்டான். முள் துள்ளி எழுந்தது. தூளிக்குள், தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவர்போல ஒரு நீண்ட இழுப்பு. பிறகு வீறிட்ட அழுகை.

மீனு ஓடி வந்தாள். "என்னங்க? என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் இல்ல," என்றான். டியூபைப் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "ஒண்ணும் பண்ணல."

மறுநாள் லீவு போட்டான். பாப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லி, கீழ்வீட்டுப் பெண்ணோடு மீனுவைப் பிம்ப்ரிக்கு ஆட்டோவில் அனுப்பினான். தான் வரவில்லை, தலைவலி என்றான். குழந்தை இந்த வீட்டை விட்டு, இந்தச் சுவரை விட்டுத் தூரமாகப் போனால் என்ன ஆகிறது என்று அவனுக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ஆட்டோவின் சத்தம் சந்து முனையில் தேய்ந்து மறைந்தது. முள் அதே தாளத்தில் எழுந்து இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து வீடியோவில் கூப்பிட்டான்.

"டாக்டர் பாத்தாச்சுங்க. ஒண்ணுமே இல்லியாம். சின்னப் புள்ளங்க சிலது தூக்கத்துல அப்படி நிறுத்தி நிறுத்தித்தான் மூச்சு விடுமாம். அப்பாவுக்கு முதல்ல ஒரு மாத்தர குடுங்கன்னாரு."

"பாப்பாவக் காட்டு."

மீனு போனைத் திருப்பினாள். மடியில், மஞ்சள் துண்டுக்குள் பாப்பா. ரவிசந்திரன் போனைச் சுவரருகே, வேகமானிக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தான். முள் எழுந்தது. பாப்பாவின் நெஞ்சு எழுந்தது. முள் இறங்கியது. நெஞ்சு இறங்கியது. போனில் படம் கொஞ்சம் தாமதமாக வரும், அது அவனுக்குத் தெரியும். ஆனாலும் முந்தைய நாள் தூளியில் கை வைத்து நின்றபோது இருந்த அதே தாமதம்தான் இதிலும். முள்தான் முதலில். எப்போதும் முள்தான் முதலில். கருவி குழந்தையைப் பார்த்து அசையவில்லை.

"என்னங்க, மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?"

"பாத்து வா. ரோட்ல தண்ணி நிக்கும்."

போனை வைத்த பிறகுதான், ஆளில்லாத வீட்டின் அமைதியில், அந்தச் சத்தம் கேட்டது. மிகச் சின்னது. தீப்பெட்டியின் பக்கத்தை நகத்தால் சுரண்டுவதுபோல. குழாயிடம் காதைக் கொண்டுபோனான். மண்ணுக்குப் பின்னால் யாரோ சுரண்டினார்கள். நிறுத்தினார்கள். மறுபடி சுரண்டினார்கள்.

ஜோஷுவாவுக்குப் போன் செய்தான். "குளவிக் கூட்ட நாம ஒண்ணும் பண்ணாம விட்டா என்ன ஆகும் ஜோஷுவா?"

"என்ன ஆகும்? உள்ள இருக்கது வளந்து, மண்ண அரிச்சு, ஓட்டயப் போட்டுட்டு வெளிய பறந்துரும். நீ என்னத்துக்கு அதுக்குப் பிரசவம் பாக்கே?"

மண்ணில் ஓட்டை. உள்ளே அடைபட்ட காற்று வெளியே போகும். முள் பூஜ்ஜியத்துக்கு வரும். பூஜ்ஜியத்திலேயே கிடக்கும்.

அவன் குழாய்க்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

இடிக்க முடியாது. இடித்தால் இப்போதே. இடிக்காவிட்டால் அதுவே இடித்துக்கொண்டு வரும். கையில் மிச்சமிருந்தது அவனுடைய தொழில் ஒன்றுதான். கசிவு வந்தால் மேலே பூசி அடைப்பது. மறுநாள் பட்டறையிலிருந்து அடைப்புப் பசை கொண்டுவந்தான். பாப்பாவைத் தூளியில் தன் கண் எதிரே போட்டுக்கொண்டு, சிறு குச்சியால் மண்ணின் மேல் ஒரு பூச்சுப் பூசினான். சுரண்டும் சத்தம் சட்டென்று நின்றது. நல்லது என்று நினைத்து இன்னொரு பூச்சுப் பூசினான். முள் எழுந்தது. அடுத்த முறை அவ்வளவு உயரம் எழவில்லை. அதற்கடுத்த முறை இன்னும் குறைவு. பச்சை மண்ணுக்குத் துளைகள் உண்டு, அதன் வழியேதான் உள்ளே இருக்கும் உயிர் மூச்சு வாங்குகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. தூளியை விலக்கினான். பாப்பாவின் உதட்டோரம் நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது.

பசையை நகத்தாலேயே சுரண்டி எடுத்தான். மண் பெயர்ந்துவிடாமல், ஒரு துகள் விழாமல், அழுதுகொண்டே. கடைசிப் பிசிறு போனதும் முள் பழையபடி எழுந்தது. உதடு சிவந்தது. உள்ளே சுரண்டல் மறுபடி தொடங்கியது.

அன்று இரவு அவன் மீனுவிடம் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். அவள் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பயப்படவில்லை. ரொம்ப நேரம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இது அப்பவே தெரியும்ங்க," என்றாள் மெதுவாக. "நீங்க காட்டுன நாள்லேருந்து ராத்திரி பால் குடுக்கறப்ப பாத்துட்டே இருப்பேன். பாப்பா கூடவே அதுவும் ஆடும். எவ்ளோ நிம்மதியா இருக்கும் தெரியுமா? நீங்க அன்னிக்கு அத இடிக்காம விட்டீங்கள்ல, அந்தப் புண்ணியம்தான். அது பாட்டுக்கு இருக்கட்டும். கும்பிட்டுட்டுப் படுங்க."

"அது வெளிய வந்துரும் மீனு."

"வந்தா என்ன? ஜன்னலத் தொறந்து விடுவோம், போயிடும். பாவம்."

பாவம். அவன் சொல்லிக் கொடுத்த சொல். வீட்டில் பூச்சியைக் கண்டு அவள் செருப்பைத் தூக்கும்போதெல்லாம் அவன் சொன்ன சொல். சாமி படத்துக்கு முன்னால் நின்றான். இன்றைக்கு மட்டும் என்று கேட்டான். மறுநாளும் அதையே கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வானம் இறங்கி வந்து ரயில் பாதையின் மேல் உட்கார்ந்துகொண்டது. மின்சாரம் போனது. நெடுஞ்சாலையில் வண்டிகளின் இரைச்சல் மழைத் திரைக்குப் பின்னால் எங்கோ தள்ளிப் போய்விட, வீட்டுக்குள் பூண்டு வதங்கும் வாசனையும், நனைந்த சுவரின் சுண்ணாம்பு வாசனையும், அவற்றுக்கு அடியில் வேறொன்றும், இலையைக் கிள்ளியதுபோலப் பச்சையாக, கசப்பாக ஒரு வாசனையும் மெல்லப் பரவியது. மீனு அடுப்படியில் இருந்தாள். பாப்பா தூளியில். ரவிசந்திரன் நாற்காலியைக் குழாய்க்கு முன்னால் போட்டு உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாக அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

சுரண்டல் நின்றது.

குழாய்க்கு நேர் கீழே, தரையில், மிளகாய்த் தூள் சிந்தியதுபோல ஒரு சிட்டிகை செம்மண்.

நிமிர்ந்து பார்த்தான். மண்ணின் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. அதிலிருந்து ஒரு சத்தம். சைக்கிள் டியூபில் முள் குத்தினால் வருவது. அவ்வளவு மெல்லிய சத்தம்.

முள் இறங்கியது.

எழவில்லை.

தூளி அசையவில்லை.

கட்டைவிரலை வைத்து அடைத்தான். முள் எழவில்லை. அடைத்தால் போதாது. உள்ளே இருந்த காற்று போய்விட்டது. யாராவது கொடுக்க வேண்டும்.

யாராவது.

குனிந்தான். குழாயின் வாயை உதடுகளால் கவ்வினான். மண் சுவை. கசப்பு. ஊதினான்.

முள் விருட்டென்று நாற்பதைத் தாண்டி, எண்பதைத் தாண்டி ஓடியது. தூளிக்குள் ஒரு விக்கல். ஐயோ, அதிகம். நம்ம மூச்சு ஒண்ணு போதும், தகடு கிழிஞ்சிரும். விட்டான். முள் இறங்கியது. இப்போது மெதுவாக. பூவை ஊதுவதுபோல. அதைவிட மெதுவாக. முள் நாற்பதுக்குக் கீழே வந்து, தயங்கி, திரும்பியது.

தூளித் துணி எழுந்தது. இறங்கியது.

கொடுத்தான். விட்டான். கொடுத்தான். விட்டான். தனக்கு மூச்சு வாங்க வேண்டும்போது நாக்கின் நுனியால் துளையை அடைத்துக்கொண்டு, மூக்கால் இழுத்துக்கொண்டான். ஒரு நொடி. அதற்கு மேல் தூளி பொறுக்காது.

அடுப்படியிலிருந்து மீனு எட்டிப் பார்த்தாள். கையில் மெழுகுவர்த்தி.

"அட! ஊதாதீங்க ஊதாதீங்கன்னு ஊரயே வெரட்டிட்டு, ஆளில்லாதப்ப நீங்க ஊதறீங்களா?" சிரித்தாள். "சாப்பிட வாங்க. ரசம் ஆறிடும்."

அவன் கண்களால் அவளைக் கூப்பிட்டான். கையை ஆட்டினான். தூளியைக் காட்டினான். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரப் பார்த்தது. சத்தத்துக்கும் காற்று வேண்டும். முள் தடுமாறியது. விழுங்கிக்கொண்டான்.

"பாப்பாவத் தூக்கிக்கவா? பசி நேரம்தான். நீங்க வெளயாடுங்க." அவள் தூளிக்குள் கை விட்டு, குழந்தையை அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவன் அவள் சேலைத் தலைப்பைப் பிடிக்கக் கையை நீட்டினான். குழாய் நழுவப் பார்த்தது. கையை இழுத்துக்கொண்டான். "அப்பா என்னா பண்றாரு பாரு குட்டி. ஏரோப்ளேன் ஓட்டறாரு."

உள்ளறைக்குப் போனாள். மெழுகுவர்த்தியும் போனது. கதவு பாதி சாத்திக்கொண்டது.

இனிக் குழந்தையைப் பார்க்க முடியாது. முள் மட்டும்தான்.

கொடுத்தான். விட்டான்.

நாக்கு நுனியில் ஏதோ பட்டது. மயிரிழைபோல. ஒன்று. இரண்டு. தடவித் தடவிப் பார்த்தது. குழாய்க்குள் இருந்தது வழியைக் கண்டுபிடித்துவிட்டது. மண் இன்னும் கொஞ்சம் உதிர்ந்து அவன் வாய்க்குள் விழுந்தது. பிறகு ஈரமான ஒரு தலை. அது வெளியே வர வேண்டும். அவன் வாயை எடுத்தால் அது போய்விடும். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது.

கொடுத்தான். விட்டான்.

மூச்சு வாங்க நாக்கால் அடைத்தான். அப்போது அது கொட்டியது.

உடம்பு தூக்கிப் போட்டது. உதடுகள் மட்டும் அசையவில்லை. கண்ணீர் மூக்கின் வழியாக இறங்கி, மூக்கையும் அடைத்தது. நாக்கு மெல்லத் தடிக்கத் தொடங்கியது. மரத்துப்போகத் தொடங்கியது. வாய்க்குள் அதன் இடம் பெரிதாகிக்கொண்டே வந்தது. காற்றின் இடம் சிறிதாகிக்கொண்டே வந்தது. ஆறு கால்கள் நாக்கின் மேல் ஏறி, நிதானமாக, உள்நோக்கி நடந்தன.

உள்ளறையில் மீனு ஏதோ தாலாட்டை முணுமுணுத்தாள்.

இருட்டில் முள் எழுந்தது. நாற்பதுக்கு வரவில்லை. இறங்கியது. மறுபடி எழுந்தது, முன்னைவிடக் கொஞ்சம் கீழே.